புதுப்பிப்பு: இரண்டு கம்பெனி ஐசிஎஃப் பிளாக்குகளில் ஒரே சுவர், கான்கிரீட் ஊற்றியாச்சு

மிச்சமிருந்த இரண்டு வகை ஐசிஎஃப் பிளாக்குகளை (உள்ளே கான்கிரீட் ஊற்றி, அப்படியே சுவரோடு விட்டுவிடும் தெர்மோகோல் அச்சுகள்) வைத்து ஒரே சுவர் எழுப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். எழுப்பியாச்சு. எங்கும் பிதுங்கவில்லை.

வரிசைக்கு வரிசை கலக்காதீர்கள் என்று சொன்னவர்களுக்கு நன்றி. ஒன்றின் பல் மற்றதில் உட்காரவே உட்காராது. அதனால் கதவுக்கு ஒரு பக்கம் ஒரு வகை, மறுபக்கம் மற்றது. உயரம் ஒன்று 16 அங்குலம், இன்னொன்று 12; ஆனால் 48 அங்குலத்துக்கு ஒருமுறை இரண்டும் மட்டமாகிவிடும். உள்ளே கான்கிரீட் கனம் இரண்டிலும் 6 அங்குலம். அது மாறியிருந்தால் நான் தொட்டே இருக்க மாட்டேன்.

கதவுக்கு மேலே இரண்டும் சந்திக்கும் இடம்தான் பெரிய வேலை. வெயிலில் மஞ்சளாகி மாவு மாதிரி உதிர்ந்த மேல்தோலைத் தேய்த்து எடுத்த பிறகே பசை நுரை பிடித்தது. முனைகளை நேராக அறுத்து ஒட்டி, இருபுறமும் பிளைவுட் பட்டை வைத்தோம். ஸ்க்ரூ, பிளாக்கின் இரண்டு தெர்மோகோல் பக்கங்களையும் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துண்டில் ஏற வேண்டும், தெர்மோகோலில் நிற்காது. சுவருக்குள் படுக்கையாகப் போகும் கம்பியை மட்டும் இரண்டு வகையும் சந்திக்கும் இடத்தில் வெட்டாமல் தொடர்ந்து விடுங்கள்.

அப்புறம், கான்கிரீட்டை 3, 4 அடி உயரமாகப் பிரித்து நிதானமாக ஊற்றினோம். பிளைவுட்டை மறுநாள்தான் கழற்றினோம்.