மாமர நிழல் சரிவுக்கு ஆழவேர் விடுற கன்று எது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் சரிவான வளவு. மாமரமும் வேம்பும் நிற்கிறதால் காலையில் 2 மணித்தியாலம்தான் வெயில். மாரி மழைக்கு மேல்மண் கழுவுப்பட்டு மதிலடியில் சேருது. வெட்டிவேர் வைத்தும் மெலிந்து மஞ்சளாகிவிட்டது. நிழலிலும் ஆழமாக வேர்விடுற கன்று எது? தண்ணீர் கிணற்றிலிருந்துதான்.

பதில் 1: வெட்டிவேரில பிழையில்லை, இடந்தான் பிழை. வெயிலில 10 அடிக்கும் இறங்கும். நிழலில தூர் கட்டாது, வேரும் மெலியும். அதைக் கிளப்பி, மரக்கவிப்புக்கு வெளியே வெயில் படுற கீழ் ஓரத்தில, சரிவுக்குக் குறுக்கே அரை அடி இடைவெளியில வரிசையாக வையுங்கோ. நிழலுக்குள்ளே ஆடாதோடை, சாத்தாவாரி இரண்டும் தாங்கும். சாத்தாவாரி கிழங்குவேர் கொத்தாக இறங்கும்; முள் இருக்கிறதால் நடைபாதைப் பக்கம் வேண்டாம். கறிவேப்பிலையை வெயில் கூடின ஓரத்தில வையுங்கோ, முழு நிழலில நெடுத்து இலை குறைந்துபோகும்.

பதில் 2: பெயரைவிடக் கன்று எப்படி வந்தது என்பதைப் பாருங்கோ. ஆணிவேர் விதைக்கன்றுக்குத்தான். தடி நட்டு எடுத்ததுக்கும் பதி வைத்ததுக்கும் பக்கவேர்தான் வரும். கறிவேப்பிலை என்றால் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனேயே விதையுங்கோ, காய்ந்த விதை முளைக்கிறது குறைவு. பையில வாங்கினால் அடியைக் கிழித்துப் பாருங்கோ. வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அடியில ஓர் அங்குலத்தை வெட்டிவிடலாம். ஆணிவேரே தூண்டில் மாதிரி வளைந்திருந்தால் அந்தக் கன்று வேண்டாம். எவ்வளவு ஆழக் கிடங்கு வெட்டினாலும் அது நேரே இறங்காது.

கிடங்கு 2 அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். கல்லுத் தரை என்றால் அடியில அலவாங்கால் இன்னும் ஓர் அடி குத்தி, அந்தத் துளையை மண்ணால் நிரப்புங்கோ. வேர் அந்த வழியே போகும். 3 பங்கு மண்ணுக்கு 1 பங்கு உக்கின சாணம் காணும், பச்சைச் சாணம் வேரைச் சுடும். மாமரத் தண்டிலிருந்து 5 அடிக்குள்ளே வெட்டாதேங்கோ. பெருவிரலை விடத் தடித்த வேர் தட்டுப்பட்டால் கிடங்கைத்தான் நகர்த்த வேண்டும்.

கேட்டவர்: நன்றி. தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதுமா?

பதில் 2: அதுதான் வேரைக் கெடுக்கிற வேலை! மேலே ஈரம் இருந்தால் வேரும் மேலேயே நிற்கும், மாமர வேரும் அந்த ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு கச்சான் காற்றுக்கு (கோடையில வீசுற வறண்ட தென்மேற்குக் காற்று) ஒரு கிழமையில வாடும். நடும்போதே ஒன்றரை அடி நீள, 2 அங்குலப் பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில துளை போட்டு, கன்றுக்குப் பக்கத்தில நிமிர்த்திப் புதையுங்கோ. முதல் கோடைக்கு மட்டும் கிழமைக்கு ஒருமுறை, 10 லீற்றர் வாளியால் 2 வாளி அதுக்குள்ளே மெதுவாக விடுங்கோ. நுளம்பு போகாமல் வாயைக் கல்லால் மூடிவிடுங்கோ. அடுத்த நாள் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கோ, அது இலேசாகப் போகிற ஆழந்தான் ஈரம் போன ஆழம். கிணறு உவர் என்றால் இலை நுனி கருகும்; அப்போ கிடைக்கிற மழைத்தண்ணீரைக் கன்றுகளுக்கு ஒதுக்குங்கோ.

பதில் 3: ஒன்று விட்டுப்போச்சு. ஆழவேர் மட்டும் மேல்மண்ணைப் பிடிக்காது. இலையில சேர்ந்து விழுகிற துளி பெரிது, வெறும் தரையைக் குழித்துவிடும். இடையிடையே மருள் (வாள் மாதிரி நிமிர்ந்த தடித்த இலைச் செடி) நடுங்கோ. அதின் கிழங்கு தரைக்குக் கீழே பாய் மாதிரிப் படரும், நிழலும் பிரச்சினை இல்லை. கிடங்குகளை நேர்வரிசையில வெட்டாமல் மாறிமாறி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பள்ளப்பக்கம் பிறை மாதிரி வரம்பு கட்டுங்கோ. தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் கீழே பார்க்க அந்த வரம்புக்குள்ளே அடுக்கி, மேலே 3 அங்குலச் சருகு போடுங்கோ. தண்டைத் தொட விடாதேங்கோ, கறையான் ஏறும்.

ஐப்பசி முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நடுங்கோ. கார்த்திகை அடைமழை வரைக்கும் காத்திருந்தால் கிடங்கில தண்ணீர் கட்டும், வேர் அழுகும். ஆடாதோடையை ஆடு தொடாது. மற்றக் கன்றுகளுக்கு, மான் வந்துபோகிற வளவென்றால், முதல் வருஷம் வலை கட்டாமல் விடாதேங்கோ.