பாங்காக்கில் தனியாக முதல் பகல்: உங்களிடம் யார் பேசினார்கள்?

வைகைக்கரை எழுதியது:

நண்பர்களே, தனியாகப் பாங்காக் போனவர்கள், முதல் முழு நாளில் சந்தித்த ஆட்களைப் பற்றி எழுதுங்கள். கோயில் பட்டியலும் அறை வாடகையும் எங்கே தேடினாலும் கிடைக்கும். ஆட்கள்தான் கிடைக்க மாட்டார்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் இரவு விமானம் ஏறினால் விடியும்போது அங்கே இருக்கலாம். வந்து இறங்கிய நாள் தூக்கத்திலேயே போய்விட்டது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மறுநாள் காலை ஸ்கை ட்ரெயினில் சபான் தக்சினில் இறங்கினேன். சாத்தோர்ன் படகுத்துறை அதன் காலடியிலேயே இருக்கிறது. நீலக் கொடி கட்டிய படகு டூரிஸ்டுகளுக்கு, ஆரஞ்சுக் கொடி ஊர்க்காரர்களுக்கு. நான் ஆரஞ்சில் ஏறினேன், 16 பாட் (அவர்கள் ஊர்ப் பணம்) வாங்கினார்கள். கண்டக்டர் அம்மா ஒரு நீளமான தகரக் குழாயைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டே வருகிறார். சில்லறை, டிக்கெட் எல்லாம் அதற்குள்தான். துறை நெருங்கியதும் கடைசியில் நிற்கும் பையன் விசில் அடிக்கிறான். அந்த விசிலை வைத்தே ஓட்டுபவர் படகைத் துறையோடு அணைக்கிறார்.

தா சாங் துறையில் இறங்கி அரண்மனையை நோக்கி நடந்தபோது முதல் ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தங்குதடையில்லாத ஆங்கிலம். "இந்தியாவா? நல்லது. ஆனால் இன்று விசேஷ நாள், அரண்மனை ஒரு மணிக்குத்தான் திறக்கும்" என்று சொல்லி, என் வரைபடத்தைக் கேட்காமலேயே வாங்கிப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்தார். அதிர்ஷ்ட புத்தர் ஒன்று, ஏற்றுமதிக் கண்காட்சி ஒன்று, நடுவில் ஒரு நகைக்கடை. டுக் டுக், அதாவது அவர்கள் ஊர் ஆட்டோ, 20 பாட்தானாம். அவர் தோளுக்குப் பின்னால் ஜனங்கள் வரிசையாக வாசலுக்குள் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கும்பிட்டுவிட்டு வரைபடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அரச விழா ஏதும் இல்லையென்றால் 8.30 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். மாலை 3.30க்கு மேல் டிக்கெட் கிடையாது. அந்நியர் பேச்சை நம்பாதீர்கள் என்று அங்கேயே போர்டும் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே டிக்கெட் 500 பாட். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை ஆகாது. மரகத புத்தர் சிறியவர், 66 சென்டிமீட்டர்தான். மரகதம் என்று பெயரே தவிர கல் ஜேட் எனும் வேறொரு பச்சைக் கல். கோடை, மழை, குளிர் என்று வருடத்துக்கு மூன்று முறை உடை மாற்றுகிறார்கள். ஆனால் நான் அதிக நேரம் நின்றது வெளிப்பிராகாரச் சுவரில். ராமாயணத்தை 178 ஓவியங்களாக நீளத்துக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அங்கேதான் சீருடை போட்ட மூன்று பள்ளிக்கூடப் பெண்கள் நோட்டும் கையுமாக வந்தார்கள். வெளிநாட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதில் எழுதி வர வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். பெயர், ஊர், பிடித்த பழம் என்று கேள்விகள் போயின. இந்தியா என்றதும் ஒருத்தி நோட்டை மூடிவிட்டுச் சொந்தமாக ஒரு கேள்வி கேட்டாள்: "உங்கள் ஊர் அனுமானுக்கு எத்தனை மனைவி?"

ஒருத்தியும் இல்லை, அவர் பிரம்மச்சாரி என்றேன். மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் டீச்சரே ஓடி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு அவரும் சிரித்தார். அவர்கள் கதையில் அனுமான் பெரிய மைனர். சேது கட்டும்போது கல்லை எல்லாம் தூக்கிக்கொண்டு போகிற மச்சகன்னி ராவணனின் மகள். அவளைப் பிடிக்கப் போன அனுமான் காதலில் விழுந்து, குரங்கு உடம்பும் மீன் வாலுமாக ஒரு பிள்ளையும் பிறந்துவிடுகிறது. கையைப் பிடிக்காத குறையாக என்னை அழைத்துப் போய்ச் சுவரில் காட்டினார்கள். கடலுக்குள் வெள்ளைக் குரங்கு, பக்கத்தில் கிரீடம் வைத்த மச்சகன்னி. "பாவம் உங்கள் அனுமான்" என்றாள் அந்தப் பெண். நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சாப்பாடு பற்றி ஒரு வரி. சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கிற கடையைத் தேடுங்கள், வாயில் "ஜே" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விழுந்திருக்கும். தெருவில் கனோம் குரோக் ஊற்றுகிற பாட்டியின் சட்டி அசல் நம் குழிப்பணியாரச் சட்டி. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும், நடுவில் இனிப்பு. நாக்கைச் சுட்டுக்கொண்டேதான் தின்ன முடியும்.

சாயங்காலம் பெரிய ஊஞ்சலுக்குப் போனேன். சிவப்புச் சாயம் பூசிய தேக்குத் தூண்கள் மட்டும்தான் நிற்கின்றன, பலகை கிடையாது. 1784இல் அரசர் முதலாம் ராமா வைத்தது. ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935க்குப் பிறகு நின்றுவிட்டது. சுற்றிலும் புத்தர் சிலைக் கடைகள். ஆள் உயரச் சிலைகள் பிளாஸ்டிக் தாள் சுற்றியபடி நடைபாதையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சிலைக்குப் பொன் பூசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து "இந்தியா?" என்றார், "பிராம், பிராம்" என்று தெருவைக் கைகாட்டினார், மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். பிராம் என்றால் பிராமணர், காட்டிய இடம் தேவஸ்தான் என்கிற அவர்கள் கோயில். சிவனுக்கும் பிள்ளையாருக்கும் பெருமாளுக்கும் தனித்தனிச் சன்னதி, வெள்ளைச் சுவர். அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி, தை சமயத்தில் நம் திருவெம்பாவையைச் சடங்கில் ஓதுகிற இடம் அது. ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, வழிவழியாக வந்த ஏட்டின்படி ஓதுகிறார்கள்.

என் கணக்கில், அரண்மனைப் பக்கம் தானாக வந்து நல்ல ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஏதோ காரியம் இருக்கிறது. ஆங்கிலம் வராத ஆள்தான் வழி காட்டுகிறார். வேறு மாதிரி அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

பல்லடம் அக்கா எழுதியது:

தம்பி, படகின் பின்பக்கம் காலியாக ஒரு இடம் இருக்குமே, அது பிக்குகளுக்கு. பெண்கள் தெரியாமல் மேலே படக்கூடாது என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு இளம் பிக்கு போனில் கிரிக்கெட்டோ கால்பந்தோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எட்டிப் பார்க்க ஆசைதான்.

வாட் போ கோயிலில் 46 மீட்டர் சயன புத்தரைப் பார்த்துவிட்டு, 108 வெண்கலப் பாத்திரங்களில் வரிசையாகக் காசு போட்டேன். டிங் டிங் என்று அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு முன்னால் போட்ட தாய்லாந்துப் பெரியவருக்குக் காசு மீந்துவிட்டது. திரும்பிப் பார்த்து, மீதியை என் கிண்ணத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் சீலோம் மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் பிழைக்கப் போன தமிழர்கள் கட்டியது, ஆனால் நான் போனபோது வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் தாய்லாந்துக்காரர்கள். ஆபீஸ் முடிந்து வந்த பெண்கள், தட்டில் தேங்காயும் வாழைப்பழமும் சாமந்தியும். எல்லோரிடமும் தாய் மொழியில் பேசிக்கொண்டே வந்த குருக்கள் என் முறை வந்ததும், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் "எந்த ஊரும்மா?" என்றார். பல்லடம் என்றேன். "கோயம்புத்தூர் பக்கமா, சரி சரி, தள்ளிப் போங்க" என்று தமிழிலேயே விரட்டினார். கூட்டத்தில் தனியாக நின்ற எனக்கு அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

ராத்திரி பத்து மணிக்குத் தனியாக நடந்துதான் அறைக்குப் போனேன். மெயின் ரோடு, தெருக்கடைகள், வெளிச்சம். பயமாக இல்லை. சந்துக்குள் போகவில்லை.

நடைவண்டி எழுதியது:

வைகைக்கரை அண்ணா, டுக் டுக்காரர்களை மொத்தமாகத் திட்டாதீர்கள். எனக்கு வந்தவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "தையல் கடையில் பத்து நிமிஷம் உட்காருங்கள், ஒன்றும் வாங்க வேண்டாம். எனக்குப் பெட்ரோல் கூப்பன் தருவார்கள். நீங்கள் காசு தர வேண்டாம்." ஏப்ரல் வெயில், கடையில் ஏசி. உட்கார்ந்தேன். சூட் துணியை மடியில் விரித்த கடைக்காரருக்கும் விஷயம் தெரியும்போல, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார். வெளியே வந்ததும் டிரைவர் கூப்பனை என்னிடம் காட்டிச் சிரித்தார்.

கப்பல்காரன் எழுதியது:

ஆற்றுப் படகைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். சேன் சேப் வாய்க்கால் படகைச் சொல்ல ஆள் இல்லையா? பான்ஃபா துறையில் ஏறினால் டிராபிக் எதுவும் இல்லாமல் ஊருக்குள்ளேயே போய்விடலாம். தண்ணீர் கறுப்பு, வாடையும் உண்டு. எதிரே இன்னொரு படகு வந்தால் அலை உள்ளே அடிக்கும், அதற்காகப் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். ஓரத்தில் உட்காருகிறவர் கயிற்றை இழுத்து அதைத் தூக்க வேண்டும். அன்று ஓரத்தில் நான். பக்கத்தில் ஒரு பாட்டி, மார்க்கெட் பையோடு. எதிர்ப் படகு வரும்போதெல்லாம் என் முட்டியில் ஒரு தட்டு. தட்டினால் இழு, மறுபடி தட்டினால் விடு. நாலு துறைக்கு நான்தான் அவருக்கு வேலைக்காரன். இறங்கும்போது பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து மடியில் போட்டார்.

டிக்கெட் கொடுக்கிறவர் தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வருவார், பாலம் வந்தால் குனிவார். ஏறவும் இறங்கவும் அதே விளிம்பில்தான் கால் வைக்க வேண்டும், படகு முழுதாக நிற்காது. பெரிய பெட்டியோடு போகிறவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.