விளிம்பில் உள்ள பெயர் அசலா, பிறகு வெட்டியதா?

மதுரையில் பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஒன்று இருக்கிறது. 14,000 ரூபாய் சொல்கிறார். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

முகப்பில் ஐந்தாம் ஜார்ஜ், பின்புறம் குதிரை வீரன், 1914, 1918. விளிம்பில் ஒரு சிப்பாயின் எண், பெயர், 63ஆம் பாளையங்கோட்டை காலாட்படை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் சண்டையிட்ட படை அது. என் ஊரும் பாளையங்கோட்டைதான். அதனாலேயே என் கண்ணை நான் நம்பவில்லை.

பத்தர் உரைகல்லில் உரசி வெள்ளி என்றார். அதில் சந்தேகமில்லை. ஆனால் காலிப்பரில் அளந்தால், 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய விட்டம் 35.4தான் வருகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எண்ணும் படைப்பெயரும் அச்சுக் குத்தியதுபோல் சீராக இருக்கின்றன. பெயர் மட்டும் கையால் செதுக்கியதுபோல், அடியில் மெல்லிய அரக் கீறல்களுடன். நாடா புதியது என்று விற்பவரே ஒப்புக்கொண்டார். விசாரித்த இரு சேகரிப்பாளர்களில் ஒருவர் வாங்கு என்கிறார், மற்றவர் தொடாதே என்கிறார்.

நூறாண்டுத் துடைப்பில் விளிம்பு இவ்வளவு தேயுமா, அல்லது பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் வெட்டியிருக்கிறார்களா?