கடலைச் செடி அடித்தண்டில் அழுகிச் சாய்கிறது

பெகு மேட்டுக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நெல் அறுத்த வயலில் உளுந்து போடுகிறவர்கள். இந்த வருஷம் வீட்டை ஒட்டிய மேட்டு நிலம் 1 ஏக்கரில் நிலக்கடலை போட்டேன். இன்றோடு 38 நாள். ஒரு வாரமாக அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடுகிறது. காலையில் ஒரு கிளை தொங்கும், இரண்டு நாளில் செடியே சாய்ந்துவிடும். இழுத்தால் வேர் மண்ணில் நின்றுவிட்டு தண்டு மட்டும் கையோடு வருகிறது. கடையில் கார்பன்டசிம் என்ற பூசண மருந்து கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தும் நிற்கவில்லை. நேற்று எண்ணினேன், 60 செடிக்கு மேல் போய்விட்டது. வேர்ப்புழுவா?

தட்டோன் வெற்றிலைத்தோட்டம்:
தம்பி, மருந்தை நிறுத்திவிட்டு, நாளை விடியற்காலை வெயில் ஏறுமுன் போய் வாடின செடி ஒன்றின் அடியில் மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கரிப்பொடி மாதிரி கறுப்பாக இருக்கிறதா, வெள்ளை நூலாகப் படர்ந்திருக்கிறதா? இரண்டும் கழுத்தழுகல்தான், ஆனால் வேறு வேறு பூசணம். கறுப்பு என்றால் அஸ்பெர்ஜில்லஸ். அது பெரும்பாலும் விதையோடு வந்து முதல் மாதத்திலேயே நாற்றைச் சாய்த்துவிடும். உங்கள் செடியின் வயதைப் பார்த்தால் எனக்கு வெள்ளைமேல்தான் சந்தேகம்.

பெகு மேட்டுக்காடு:
அக்கா, வெள்ளைதான். பஞ்சு நூல் மாதிரி தண்டைச் சுற்றி, பக்கத்து மண்ணிலும் விசிறியாக ஓடியிருக்கிறது. அதில் கடுகு கடுகாக உருண்டை. சில வெள்ளை, சில பழுப்பு. முதலில் பூச்சி முட்டை என்று நினைத்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈரம் நிற்கட்டும் என்று 25-ஆம் நாள் வைக்கோலைப் பரப்பி, கழுத்து மூடும் அளவுக்கு மண் அணைத்தேன்.

தட்டோன் வெற்றிலைத்தோட்டம்:
அந்த வைக்கோலும் மண்ணும்தான் அதற்குத் தீனி. இது ஸ்கிளரோஷியம் ரோல்ஃப்சி. மக்காத குப்பையில் வளர்ந்து, அங்கிருந்து தண்டுக்குத் தாவும். அந்தக் கடுகுதான் அதன் வித்து, மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். எங்கள் வெற்றிலைக் கொடிக்காலிலும் இதே ஆள்தான். ஒரு மழைக்காலத்தில் 3 வரிசை போனது. அழுகின கொடியைப் பிடுங்கி வரப்பிலேயே போட்டேன், அடுத்த மழையில் அந்த வரப்போரம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு சட்டியில் அள்ளி, நிலத்துக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள்.

அப்புறம், வைக்கோலை வாரி எடுங்கள். கழுத்தில் ஏறின மண்ணை மெதுவாக இறக்கி காற்றுப் படவிடுங்கள். கடலைக்கு மண் அணைப்பது அவசியம்தான், காய் பிடிக்கிற விழுது மண்ணில் இறங்க வேண்டுமே. ஆனால் அடி இலையைப் புதைக்கக் கூடாது. கார்பன்டசிம் இந்தப் பூசணத்தை அவ்வளவாகப் பிடிக்காது. டெபுகோனசோல் என்ற பூசண மருந்துக்குத்தான் இது கட்டுப்படும். அதையும் புட்டியில் எழுதியுள்ள அளவில், சாய்ந்த இடத்தைச் சுற்றி நல்லாயிருக்கிற செடிகளின் அடியில் ஊற்றுங்கள். வாடினதைக் காப்பாற்ற முடியாது.

மாந்தலே கடலைக்காரன்:
அக்கா சொன்னது சரி. அடுத்த தடவைக்கு: அறுவடை முடிந்ததும் ஒரு சாணுக்குக் குறையாமல் ஆழ உழுது புரட்டுங்கள். அந்தக் கடுகு ஆழத்தில் போனால் காற்றில்லாமல் முளைக்காது. 1 கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா (கெட்ட பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) கலந்து விதையுங்கள். ரசாயன மருந்தை அதே விதையில் சேர்க்காதீர்கள், டிரைக்கோடெர்மா செத்துவிடும். அந்த நிலத்தில் ஒன்றிரண்டு வருஷம் சோளம் போட முடிந்தால் நல்லது. தண்ணீர் கட்ட முடிகிற நிலமென்றால் நெல்லே நல்லது, நீரில் ஊறினால் அந்த வித்து அழிகிறது.

பெகு மேட்டுக்காடு:
மேட்டில் தண்ணீர் நிற்காது அண்ணே, சோளமே போடுகிறேன். அக்கா, வைக்கோலை இன்றைக்கே வாரிவிட்டேன், 4 மூட்டை. மாட்டுக்குப் போடலாமா?

தட்டோன் வெற்றிலைத்தோட்டம்:
வேண்டாம் தம்பி. சாணத்தோடு எருக்குழிக்குப் போய், எருவோடு திரும்ப வயலுக்கே வரும். அதையும் எரித்துவிடுங்கள்.