சோபிட்ஸும் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளும்

சோபிட்ஸ் என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை கல்லூரி விடுதியில், நண்பன் வட்டில் பதிந்து கொண்டுவந்ததை நாலு பேர் ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாவது முறை போன வருடம், மனைவியோடு.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹிடெகி ஹொக்காய்டோ பண்ணை வீட்டுப் பையன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றுப்போய், மறுபடி எழுதுவதற்காக டோக்கியோவில் பயிற்சி வகுப்பில் சேர்கிறான். அங்கே பெர்சோகாம் என்று மனித உருவிலேயே கணினிகள் நடமாடுகின்றன. இவனுக்கு அதை வாங்க வசதியில்லை. ஒரு ராத்திரி குப்பையில் கிடந்த ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வருகிறான். உயிர் வந்ததும் அது பேசும் ஒரே சொல் 'சீ'. அதையே பெயராக வைத்துவிடுகிறான். க்ளாம்ப் என்ற பெண் ஓவியர் குழு 2000 முதல் 2002 வரை வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. 2002லேயே மேட்ஹவுஸ் என்ற ஸ்டுடியோ இதை அனிமேவாக எடுத்தது.

நம் காதுக்கு 'சீ' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அவள் கண்ணை அகல விரித்து, தலையைச் சாய்த்து "சீ?" என்று கேட்டபோது விடுதி அறையே சிரிப்பில் அதிர்ந்தது. ஆனால் இரண்டு மூன்று எபிசோடுக்குள் அது எங்களுக்குச் செல்லமான சொல்லாகிவிட்டது. வைது பழகிய ஒரு சொல்லை இவ்வளவு பிரியமாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அப்போது எங்களை வாயடைக்க வைத்தது பேக்கரிக்காரர் உவேதாவின் கதை. அவர் ஒரு பெர்சோகாமையே கல்யாணம் செய்துகொண்டவர். அவளுடைய நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிறது. அதோடு அவர்கள் சேர்ந்து வாழ்ந்த நாட்களும் ஒவ்வொன்றாக அழிகின்றன.

போன வருடம் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு இடம். ஹிடெகியின் ஆசிரியை ஷிமிசு. அவருடைய கணவர் வீட்டுக்கு வந்த பெர்சோகாமிலேயே மூழ்கிப் போகிறார். பேச்சு குறைகிறது, முகம் பார்ப்பது குறைகிறது. ஒரு ராத்திரி ஷிமிசு வீடு திரும்பினால் கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. கோபத்தில் பூட்டவில்லை. மனைவி இன்னும் வரவில்லை என்பதே அவர் நினைவில் இல்லை.

மனைவி ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். "அந்த மழை நாள் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. அக்கா வீட்டுக்குப் போயிருந்தவள் பத்து மணிக்குத் திரும்பியபோது, நான் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, காதில் ஹெட்போனோடு கணினியில் விளையாடிக்கொண்டிருந்தேன். போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தது. அரைமணி நேரம் என்று அன்று சொன்னாள், மன்னிப்புக் கேட்டேன், அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். கீழ் வீட்டம்மா தலை துவட்டத் துண்டு கொடுத்ததும், இவள் அதைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததும், மறுநாள் எனக்குத் தெரியாமல் துவைத்துத் திருப்பிக் கொடுத்ததும் எதுவுமே எனக்குத் தெரியாது. நீலக்கரை போட்ட துண்டாம்.

குப்பையில் கிடந்த பெண்ணைப் பையன் தூக்கி வரும் கதை என்று பலர் இந்தத் தொடரை ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் சில எபிசோடுகளின் அசட்டு நகைச்சுவை எனக்கும் பிடிக்காது. ஆனால் இயந்திரத்தை நேசிப்பவனின் ஏக்கத்தைக் காட்டிய அதே தொடர், பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவளையும் மறக்கவில்லை. அதற்காகவே இதைப் பார்க்கச் சொல்வேன்.

நான் வேறெதுவும் பேசவில்லை. டீச்சர் பின்னால் ஹிடெகியின் பக்கத்து அறை ஷின்போவோடு சேர்ந்துவிடுவார் என்று மட்டும் சொன்னேன். "கதையைச் சொல்லிட்டீங்களே" என்று கடிந்துகொண்டவள், கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா பாத்துக்குவானா?" என்று கேட்டாள்.