மறு: ‘செயற்கைச் சளி’ என்ற சொல் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வுக்காகத் தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸை விட்டு வரவழைக்கும் சளிக்கு ஐயா முன்வைத்த ‘செயற்கைச் சளி’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. செயற்கைப் பல், செயற்கை உரம் என்றால் அசலுக்குப் பதிலாக வந்தது என்றுதான் இங்கே மொரிஷியஸில் நம் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அந்த ஆய்வுகளில் வந்ததோ அசல் சளியேதான். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946 முதல் 1990 வரை இயங்கிய சளி ஆய்வு நிலையத்தில், தன்னார்வலர்களை இரண்டு மூன்று பேராகத் தனிக் குடியிருப்புகளில் தங்கவைத்து, வரும்போதே சளியோடு வந்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மூக்கில் வைரஸ் கலந்த சொட்டு விடுவார்கள். சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தும்மலையும் தொண்டைவலியையும் குறிப்பார்கள், மூக்குச் சிந்திப் போட்ட காகிதத்தைக்கூட எண்ணுவார்கள். வீடு மாதிரி தங்கிய இடம் அது, ஆகவே ‘ஆய்வகச் சளி’யும் சரிவராது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? வைரஸ் உள்ளே வந்த விதத்தில். இங்கே கியூர்பிப் ஊரில் ஜூலை மாதத்துக் குளிர்தூறலில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை கரகரக்கிறது, இரண்டு நாள் கழித்து மூக்கு ஒழுகுகிறது, அப்போதுதான் வீட்டில் ‘லாக்ரிப்’ (சளிக்காய்ச்சலுக்கு இங்குள்ள கிரியோல் சொல்) என்கிறார்கள். எந்த வைரஸ், எவ்வளவு, என்றைக்குத் தொற்றியது, ஒன்றும் தெரியாது. சளியை அதிகம் உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. சொட்டு விட்டவருக்கோ வைரஸும் அளவும் நேரமும் தெரியும், அவர் பெரும்பாலும் நல்ல உடல்நலமுள்ள பெரியவர். தொற்றியும் அறிகுறியே காட்டாதவர்கள் அங்கே கணக்கில் வந்துவிடுகிறார்கள், ஊரில் அவர்களை யாரும் கவனிப்பதில்லை. இந்த இருவகைச் சளியின் அறிகுறிப் பட்டியல்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ‘ஆய்வில் வந்தது லேசான சளி’ என்று முடிவுகட்டுவது தவறு என்பதைத் தலைப்புச் சொல்லே காட்ட வேண்டும் என்பதுதான் என் கவலை.

அதனால் இடுதொற்று, வருதொற்று என்று வைக்கலாம். இட்டதால் வந்தது இடுதொற்று, தானாக வந்தது வருதொற்று. இடுபொருள், வருபுனல் என்று வழக்கில் உள்ள வார்ப்புதான், புதிதாக எதையும் ஒட்டவில்லை. ‘இயற்கைத் தொற்று’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அது தவறில்லை, ஆனால் இயற்கை என்றதும் எதிரே செயற்கை வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. நோயும் சளி, மூக்கில் வடிவதும் சளி என்றால் அட்டவணையில் ‘சளியில் சளி’ என்று எழுத நேரும். நோய்க்குத் தடுமன், வடிவதற்குச் சளி என்று பிரித்துவிடலாமா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நண்பர்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும். இடுகாடு நினைவுக்கு வருவதால் ‘இடு’ வேண்டாம் என்று ஐயா கருதினால், ‘ஊட்டுதொற்று’ என்பதையும் பார்க்கலாம், எனக்கு அது இரண்டாவது விருப்பம்தான்.