ஹூஸ்டனுக்கு ராப்பில் பெயர் வாங்கித் தந்தவர்கள் யார்: கெட்டோ பாய்ஸா, டிஜே ஸ்க்ரூவா?

வடக்குவாசல் எழுதியது:

சென்ற வாரம் வேறோர் இழையில் ஒருவர், "ஹூஸ்டன் என்றாலே மெதுவாக்கப்பட்ட பாட்டுதான், பாட்டுகளை வேகம் குறைத்துக் கேசட்டில் விற்ற டிஜே ஸ்க்ரூவுக்கு முன்னால் அந்த ஊரில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார். அதை மறுக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1980களில் அமெரிக்க ராப் என்றால் நியூயார்க், பிறகு லாஸ் ஏஞ்சலஸ், அவ்வளவுதான். டெக்சாஸில் ஒருவன் ராப் பாடுகிறான் என்றால் மாட்டுப்பண்ணைத் தொப்பியைச் சொல்லிச் சிரித்த காலம் அது. அந்தக் காலத்தில் ஜேம்ஸ் பிரின்ஸ் என்ற கார் வியாபாரி, தன் தம்பி தெருவில் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு வழி வேண்டும் என்ற எண்ணத்தோடு ராப்-அ-லாட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைப் பதிவு நிறுவனத்தை ஹூஸ்டனில் தொடங்கினார். அதிலிருந்து வந்த ராப் குழுவே கெட்டோ பாய்ஸ். 1990இல் இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களுடைய ஆல்பத்தைத் தன் லேபிளில் வெளியிட முன்வந்தபோது, வரிகளின் வன்முறையைக் காரணம் காட்டி, அதை விநியோகிக்க முடியாது என்று கெஃபன் நிறுவனம் கைகழுவியது. மறு ஆண்டே 'வீ கான்ட் பீ ஸ்டாப்டு' வந்தது. அதிலிருந்த 'மைண்ட் ப்ளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ' அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 23ஆம் இடம் வரை ஏறியது. வீரம் பேசிக்கொண்டிருந்த ராப்பில், உறக்கமின்மையையும் பயத்தையும் தன் மனமே தன்னை ஏமாற்றுவதையும் வெளிப்படையாகச் சொன்ன பாட்டு அது. அப்போது குழுவின் பாடகர் ஸ்கார்ஃபேஸுக்கு வயது இருபதுதான். 1995இல் ஒரு விருது மேடையில் அட்லாண்டாவின் ராப் பாடகர் ஆந்த்ரே, அமெரிக்காவின் தெற்குக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அறிவித்ததை எல்லோரும் தொடக்கப்புள்ளியாகக் கொண்டாடுகிறார்கள். ஹூஸ்டன் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டது.

மெதுநடை எழுதியது:

அந்த ஒருவர் நான்தான், நண்பரே. "ஒன்றும் இல்லை" என்று எழுதியது மிகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கருத்தின் அடிப்படையை நீங்கள் இன்னும் தொடவில்லை. ஓர் ஊரிலிருந்து ஒரு வெற்றி வருவது வேறு. ஓர் ஊருக்கென்று ஓர் ஒலி பிறப்பது வேறு.

கெட்டோ பாய்ஸின் முதல் ஆல்பமான 'மேக்கிங் ட்ரபிள்' 1988இல் வந்தது. அதைக் கேட்டுப் பாருங்கள். நியூயார்க்கின் ரன்-டிஎம்சி குழுவின் நகல் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். குழுவின் டிஜே ரெடி ரெட் நியூஜெர்சியின் ட்ரென்டன் நகரத்துக்காரர். குழுவின் புஷ்விக் பில் ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர்; அவர் பெயரில் இருக்கும் புஷ்விக்கே புரூக்ளினின் ஒரு பகுதிதான். இவர்கள் திறமைசாலிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது ஹூஸ்டன் என்று சொல்ல வைக்கும் ஒலி அவர்களிடம் இருந்ததா?

ஸ்க்ரூவின் கேசட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் ஓடவிட்டு, ஒன்றை மற்றொன்றுக்கு ஒரு தாளம் பின்தங்க வைத்து, முன்னும் பின்னும் மாற்றி ஒரு சொல்லை இரண்டு மூன்று முறை ஒலிக்க வைப்பார். அப்படி வெட்டிச் சேர்த்த முழுப் பதிவையும் பிறகு வேகம் குறைத்துக் கேசட்டில் இறக்குவார். குரல் கனத்துவிடும், தாளம் இழுபடும். வெயிலும் புழுக்கமும் நிறைந்த, எங்கே போவதானாலும் ஒரு மணி நேரம் காரோட்ட வேண்டிய அந்த ஊரின் நடையே அதுதான். 300க்கும் மேற்பட்ட கேசட்டுகள், பெரும்பாலும் சாம்பல் நிற மேக்ஸெல் கேசட்டுகள், அவர் வீட்டு வாசலிலேயே பத்து டாலருக்கு விற்கப்பட்டன. மாலையில் வாசலில் நிற்கும் கார் வரிசையைப் பார்த்துப் போதைப்பொருள் வியாபாரம் நடக்கிறது என்று காவல்துறையே நினைத்தது. உள்ளே நடந்ததோ பாட்டு வியாபாரம். வானொலியோ தொலைக்காட்சியோ துணைக்கு இல்லாமல் அந்த வரிசை சேர்ந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

வடக்குவாசல் எழுதியது:

முதல் ஆல்பத்தை வைத்து ஒரு குழுவை அளப்பது நியாயமாகாது. 1989இல் 'க்ரிப் இட்! ஆன் தட் அதர் லெவல்' வந்தபோது குழுவே மாறிவிட்டது. அதில் பாடிய வில்லி டி ஹூஸ்டனின் ஃபிஃப்த் வார்டு பகுதிக்காரர், ஸ்கார்ஃபேஸ் ஊரின் தெற்குப் பக்கத்தில் வளர்ந்தவர். ஸ்கார்ஃபேஸின் குரலில் இருக்கும் கனத்தையும், தேவாலயத்துப் பிரசங்கியைப் போல நிதானமாக இறங்கிவரும் சொல்முறையையும் எந்த டர்ன்டேபிளும் மெதுவாக்கத் தேவையில்லை.

பிறந்த ஊரை வைத்துக் கணக்குப் பார்ப்பதானால், உங்கள் ஸ்க்ரூவும் ஹூஸ்டனில் பிறந்தவர் அல்லர். அவருடைய ஊரான ஸ்மித்வில் என்ற சிற்றூர் ஆஸ்டினுக்கு அருகில் இருக்கிறது என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

பழைய ஒலிநாடா எழுதியது:

இருவருமே கதையின் நடுவிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் பல ஆண்டுகளாக ஹூஸ்டனில் வசிப்பவன். இங்குள்ள பழைய ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் முதலில் சொல்வது ஸ்கார்ஃபேஸின் பெயரையும் அல்ல, ஸ்க்ரூவின் பெயரையும் அல்ல. டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் கே.டி.எஸ்.யூ. வானொலியில் வந்த 'கிட்ஸ் ஜாம்' நிகழ்ச்சியைச் சொல்வார்கள். வேறெந்த நிலையமும் ராப்பைத் தொடாத 1980களில், இளம் பிள்ளைகளே நடத்திய நிகழ்ச்சி அது. அடுத்தபடியாக ரைன்ஸ்டோன் ராங்லர் என்ற இரவு விடுதியைச் சொல்வார்கள். பெயரைக் கேட்டால் நாட்டுப்புற இசைக் கூடம் என்று தோன்றும். ஆனால் ஊரின் ராப் போட்டிகள் நடந்த இடம் அதுதான். எதிரில் நிற்பவனை மேடையிலேயே சொல்லால் அடித்து இறக்க வேண்டும். தோற்றவன் அடுத்த வாரம் புது வரிகளோடு வர வேண்டும். நம் ஊர் எசப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வில்லி டி பெயரெடுத்ததே அந்த மேடையில்தான். ஜேம்ஸ் பிரின்ஸ் வெறும் நிலத்தில் விதைக்கவில்லை. உழுது வைத்திருந்த நிலத்தில் விதைத்தார்.

ஹூஸ்டனின் சவுத் பார்க் பகுதியைச் சேர்ந்த ராப் பாடகர் கே-ரினோவை இந்த இழையில் ஒருவரும் குறிப்பிடாதது எனக்கு வருத்தமே. 1980களில் சவுத் பார்க் கோயலிஷன் என்ற கூட்டணியை அமைத்தவர் அவர். பெரிய நிறுவனம் எதன் வாசலிலும் நிற்காமல் இன்றுவரை ஆல்பங்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார். பாடகர்கள் மதிக்கும் பாடகர் அவர்.

இன்னொன்று. மெதுவாக்குவதையே ஸ்க்ரூதான் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிடாதீர்கள். டாரில் ஸ்காட் என்ற டிஜே 1980களிலேயே வேகத்தைக் குறைத்த கலவைக் கேசட்டுகளை இங்கே விற்றுக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தான் எழுதியது:

மூவரும் யுஜிகே என்ற இருவர் குழுவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பதைக் கண்டு வியக்கிறேன். பிம்ப் சி, பன் பி இருவரும் 1992இல் தொடங்கி வைத்த அந்த ஒலியை, தேவாலய ஆர்கனும் ப்ளூஸ் கிட்டாரும் கலந்த, பிம்ப் சி தானே 'நாட்டுப்புற ராப் பாடல்கள்' என்று பெயர் வைத்து அழைத்த ஒலியை விட்டுவிட்டு டெக்சாஸ் ராப்பைப் பேச முடியுமா? 1996இல் வந்த 'ரைடின் டர்ட்டி' ஆல்பத்துக்கு ஒரு காணொளி கூடக் கிடையாது. ஆனாலும் பில்போர்டின் ஆர்&பி ஆல்பங்கள் பட்டியலில் இரண்டாம் இடத்தைத் தொட்டது. பத்தாண்டு கழித்து ஹூஸ்டனின் ராப் பாடகர் சமில்லியனேர் அதே சொற்றொடரைப் பல்லவியில் வைத்துப் பாடி, நாட்டின் முதலிடத்தைப் பிடித்தார்.

தமிழர்களுக்கு ஒரு துணைச்செய்தியும் உண்டு. நம் ஈழத்துப் பின்னணி கொண்ட பாடகி மியாவின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு 2008இல் வந்த மறுகலவை ஒன்றில் பாடியிருப்பவர் இதே பன் பிதான்.

மெதுநடை எழுதியது:

யுஜிகேவின் மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவர்களுடைய ஊர் போர்ட் ஆர்தர். ஹூஸ்டனிலிருந்து கிழக்கே சுமார் 145 கிலோமீட்டர் தொலைவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே இருக்கும் தனி ஊர். அந்த ஊருக்குரிய புகழை எடுத்துப் பக்கத்துப் பெருநகரத்தின் கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பிம்ப் சியே தன் ஊர்ப் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஒலிநாடா ஐயா அவர்களுக்கு: டாரில் ஸ்காட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் "கண்டுபிடித்தார்" என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. மெதுவாக்குவது ஓர் உத்தி. ஸ்க்ரூ அதை ஒரு மன்றமாக்கினார். அவருடைய வீட்டு அறையில் ஒலிவாங்கி கைமாறி வந்தது. ஃபேட் பேட், அவருடைய அண்ணன் பிக் ஹாக், லில் கீகீ, பிக் மோ, பிக் போக்கி, ஈ.எஸ்.ஜி. எனத் தெற்குப் பக்கத்தின் ஒரு தலைமுறையே அங்கே உருவானது. 'ஜூன் 27' என்ற கேசட்டில் நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்காக அரை மணி நேரத்துக்கும் மேலாக, எழுதி வைக்காமல், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுத்துப் பாடியிருக்கிறார்கள். இன்றும் ஹூஸ்டனில் ஜூன் 27ஆம் தேதி வந்தால் அதைப் போட்டுக் கேட்கிறார்கள். பின்னாளில் உலகமே அறிந்துகொண்ட ஜார்ஜ் ஃபிளாய்டும் 'பிக் ஃபிளாய்ட்' என்ற பெயரில் ஸ்க்ரூ கேசட்டுகளில் பாடியவர்தான்.

வடக்குவாசல் எழுதியது:

உணர்ச்சியை மதிக்கிறேன், ஆனால் நாம் பேசுவது 'பெயர்' பற்றி. பெயர் என்பது ஊருக்கு வெளியே இருப்பவன் சொல்வது. ஸ்க்ரூ 2000ஆம் ஆண்டு நவம்பரில், 29 வயதில் இறந்தபோது, அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? நாடு முழுவதும் மெதுவாக்கிய ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது 2004, 2005இல் மைக் ஜோன்ஸ், பால் வால், ஸ்லிம் தக் ஆகிய ராப் பாடகர்கள். அவர்கள் வளர்ந்தது ஹூஸ்டனின் வடக்குப் பக்கத்து இசை நிறுவனமான ஸ்விஷாஹவுஸில். ஸ்க்ரூவின் தெற்குப் பக்கத்தோடு நெடுங்காலம் முறைத்துக்கொண்டிருந்த முகாமில். பால் வாலின் 'தி பீப்பிள்ஸ் சாம்ப்' 2005இல் நேராக முதலிடத்தில் இறங்கியது. அப்படியானால் பெயர் வாங்கித் தந்தவர்கள் என்று ஸ்விஷாஹவுஸைத் தொடங்கிய மைக்கேல் வாட்ஸையும் ஓஜி ரான் சியையும் சொல்ல வேண்டியிருக்கும். 1991இலேயே ஹூஸ்டனைத் தேசம் அறியச் செய்தவர்கள் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்றுவழி?

மெதுநடை எழுதியது:

உங்கள் எடுத்துக்காட்டே உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. வடக்குப் பக்கத்தார் நாடெங்கும் விற்றது தெற்குப் பக்கத்து ஸ்க்ரூவின் முறையைத்தானே? மைக்கேல் வாட்ஸ் அந்த வழியில் வந்தவர் என்பதை அங்கே யாரும் மறைப்பதில்லை. கடையை வேறொருவர் திறந்தார் என்பதற்காகச் சரக்கு யாருடையது என்ற கேள்வி அழிந்துவிடாது. 2009இல் கனடாவின் டிரேக் ஒரு பாட்டை ஸ்க்ரூவின் பாணியிலேயே அமைத்தார். 2018இல் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் ஒரு பாட்டுக்கு ஸ்க்ரூவின் பெயரையே வைத்தார். ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் அவருடைய இசைத்தட்டுகளைத் தொகுத்துப் பாதுகாக்கிறது. வெளியே இருப்பவன் ஓர் ஒலியைக் கேட்டவுடன் "இது ஹூஸ்டன்" என்கிறானே, நீங்கள் கேட்ட 'பெயர்' அதுவல்லாமல் வேறென்ன?

வழக்கமாக ஒருவர் வந்து, இருமல் மருந்துப் போதையில் பிறந்த ஒலிதானே இது என்பார். அவர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அந்த மருந்து அந்த வட்டத்தில் பலரை அழித்தது உண்மை. ஸ்க்ரூவின் உயிரும் அதில் போனது. ஆனால் பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்பது கேட்பவனுக்குத் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காகவும் மெதுவாக்கியதாக ஸ்க்ரூவே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த விளக்கத்தையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஒலிநாடா எழுதியது:

ஹூஸ்டனை அடுத்த பேர்லாண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது சில சமயம் நெடுஞ்சாலையை விட்டுக் கல்லன் சாலை வழியாகப் போவேன். ஸ்க்ரூ 1998இல் கடை திறந்தது அந்தச் சாலையில்தான். கேசட்டுகளைத் தவிர வேறெதுவும் விற்காத கடை. கோயிலுக்கு வரும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்த வாசலைக் கவனியாமல் கடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் கடந்தேன்.

துறைமுகத்தானுக்காக ஒரு சொல். யுஜிகேவின் முதல் கேசட்டான 'தி சதர்ன் வே'யை வெளியிட்டது ஹூஸ்டனின் பிக் டைம் ரெக்கார்ட்ஸ். ஸ்க்ரூவின் 'த்ரீ இன் த மார்னிங்'கை வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். ஊர் எல்லையைக் கோடு போட்டுப் பிரிக்கும் மெதுநடை அவர்கள் இதற்கு என்ன சொல்வார் என்று அறிய ஆவல்.

துறைமுகத்தான் எழுதியது:

நன்றி ஐயா. ஆனால் அவர் போர்ட் ஆர்தரைத் தனி ஊர் என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை; அது எங்களுக்குப் பெருமையே. நான் கேட்பது ஒரு நாற்காலி மட்டும்.

மெதுநடை எழுதியது:

நாற்காலி தரலாம். தலைமை நாற்காலி தர முடியாது.

வடக்குவாசல் எழுதியது:

பிக் டைம் செய்தி எனக்குப் புதிது. அதை வைத்துச் சற்று யோசித்தேன். ராப்-அ-லாட் ஆனாலும், பிக் டைம் ஆனாலும், ஸ்க்ரூவின் வீட்டு வாசல் ஆனாலும், பின்னாளில் ஸ்விஷாஹவுஸ் ஆனாலும், எல்லோரும் நியூயார்க்கின் அனுமதிக்குக் காத்திருக்காமல் தாமே பதிந்து, தாமே அச்சிட்டு, கார் டிக்கியில் வைத்து விற்றவர்கள். அந்த வழியில் பெரிய அளவில் முதலில் வென்று காட்டியவர் ஜேம்ஸ் பிரின்ஸ் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால், ஒலி என்று தனியாகக் கேட்டால், 'மேக்கிங் ட்ரபிள்' ஆல்பத்தை நேற்றிரவு மறுபடியும் முழுவதும் கேட்டேன், மெதுநடை அவர்களே. ரன்-டிஎம்சி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான்.